பங்களாவும் லயமும் ஒரே படத்தில்

ஹட்டனிலிருந்து நுவரெலியாவுக்குப் போகும் பிரதான வீதியில், தலவாக்கலைக்குச் சற்று முன்னால், சென்கிளயர் நீர்வீழ்ச்சியைப் பார்க்க நிற்காத சுற்றுலா வாகனம் குறைவு. இறங்குகிறவர்கள் கைத்தொலைபேசியை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு இடமிருந்து வலமாக மெல்லத் திரும்புவார்கள். அருவி, தேயிலை மலை, எதிர்ச்சரிவு, வானம் எல்லாம் ஒரு நீளப் படத்துக்குள் வந்துவிடும். இடையில் பஸ் ஒன்று கடந்தால் அதன் முன்பாதி ஓரிடத்திலும் பின்பாதி வேறிடத்திலும் கிடக்கும். யாரும் அதைப் பொருட்படுத்துவதில்லை. அன்று மாலையே படம் முகநூலில் ஏறும். அடுத்த வருடம் தேடினால் அகப்படாது.

அதே அகலத்தைப் பழைய பிலிம் கமராவில் எடுக்க வேண்டும், அதையும் தோட்டத்துப் பிள்ளைகளே எடுக்க வேண்டும் என்பதுதான் இங்கே சொல்ல வருவது. பொழுதுபோக்கு என்ற அளவில் இது சிலருக்குப் பிடிக்கும், சிலருக்குப் பிடிக்காது. மலையகத்தைப் பொறுத்தவரை இதற்குள் பொழுதுபோக்கைத் தாண்டிய ஒரு தேவை இருக்கிறது.

மலையகம் கமராவுக்குப் புதிய இடமல்ல. புகைப்பட வரலாற்றின் பெரிய பெயர்களில் ஒருவரான ஜூலியா மார்கரெட் கேமரன் 1875இல் இலங்கைக்கு வந்தார். கணவர் சார்ள்ஸ் ஹே கேமரனுக்கு இங்கே கோப்பித் தோட்டங்கள் இருந்தன. 1879 ஜனவரியில் டிக்கோயாப் பகுதியில் அவர் காலமானார். பொகவந்தலாவ புனித மரியாள் ஆலய வளவில் கணவன், மனைவி இருவரின் கல்லறையும் இருக்கிறது. இங்கிலாந்தில் டார்வின், டெனிசன், ஹெர்ஷல் என்று ஊரறிந்தவர்களின் முகங்களை எடுத்தவர் இலங்கையில் எடுத்த படங்களில் மிகச் சிலவே இன்று கிடைக்கின்றன. அவற்றில் இருக்கும் உள்ளூர் மனிதர்களில் பெரும்பாலோருக்குப் பெயர் இல்லை. டார்வினுக்குக் கிடைத்த அதே கரிசனமான வெளிச்சம் அந்த முகங்களிலும் விழுந்திருக்கிறது. பெயரை மட்டும் யாரும் எழுதி வைக்கவில்லை.

ஸ்கீன், ஸ்கோவன், பிளாடே போன்ற ஸ்டூடியோக்கள் தோட்டக் காட்சிகளைப் படமாக்கி விற்றதும் அந்தக் காலத்தையொட்டித்தான். வெளிநாட்டுப் பயணிகளின் அல்பங்களில் அவை போய்ச் சேர்ந்தன. அந்த வழக்கம் இன்றைய நாட்காட்டி வரைக்கும் தொடர்கிறது. ஒன்று, கூடையும் கொழுந்துமாக ஒரு பெண்ணின் கிட்டப் படம். இல்லாவிட்டால், உயரத்திலிருந்து எடுத்த பச்சைச் சரிவு, அதில் புள்ளி புள்ளியாக ஆட்கள். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் தோட்டம் என்ற இடம் இருக்கிறது. ஸ்டோர் எனப்படும் தேயிலை ஆலை, காலையில் ஆட்கள் கூடும் பெரட்டுக் களம், கொழுந்து மடுவம், பிள்ளை மடுவம், கோயில், தொழிலாளர் குடும்பங்கள் வரிசையாக வாழும் லயம், இவற்றுக்கெல்லாம் மேலே குன்றில் துரை பங்களா. எது எதற்குப் பக்கத்தில் இருக்கிறது, எது எதைப் பார்த்தபடி இருக்கிறது என்பதில்தான் தோட்டத்தின் முழு வரலாறும் அடங்கியிருக்கிறது. அதை நாட்காட்டிப் படம் சொல்லாது.

சாதாரண 50 மில்லிமீற்றர் லென்ஸ் பக்கவாட்டில் ஏறத்தாழ 40 பாகையைத்தான் பார்க்கும். பங்களாவை எடுத்தால் லயம் வெளியே நின்றுவிடும். லயத்தை எடுத்தால் ஸ்டோர் வராது. அகலக் கோண லென்ஸைப் போட்டால் எல்லாம் உள்ளே வரும், ஆனால் தூரத்தில் இருப்பவை கடுகளவாகிவிடும், பாதிப் படம் வானமும் காலடி மண்ணுமாக வீணாகும். 120 பாகையை ஒரு நீளப் பட்டையாக வாங்கும் கமராவுக்கு இந்தச் சிக்கல் இல்லை. பங்களாவும் லயமும் ஒரே படத்தில், ஒரே வெளிச்சத்தில் வந்து நிற்கும். எதை விடுவது என்று தேர்ந்தெடுக்கும் சலுகை எடுப்பவருக்குப் பாதியாகக் குறைந்துவிடுகிறது. மலையகத்துக்கு இந்த வடிவம் பொருந்துவதற்கு முதல் காரணம் இதுதான்.

அகலப் படம் என்றாலே அழகுக் காட்சிதான் என்று நினைப்பவர்கள் செக் நாட்டில் பிறந்த யோசப் கூடல்காவின் படங்களைப் பார்க்க வேண்டும். 1980களின் நடுப்பகுதியிலிருந்து அவர் இந்த வடிவத்தைக் கையில் எடுத்தார். நிலக்கரிச் சுரங்கங்கள் சிதைத்துப்போட்ட செக் எல்லைப் பிரதேசத்தைக் காட்டும் அவருடைய ‘கறுப்பு முக்கோணம்’ 1994இல் வெளிவந்தது. தொழில் ஒரு நிலத்தை என்ன செய்கிறது என்று காட்டுவதற்கு அதைவிட வலுவான படங்கள் குறைவு. தேயிலையும் ஒரு தொழில்தான். 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தொடங்கியது, கோப்பியை இலைத்துரு நோய் அழித்த பிறகு மலை மலையாகப் பரவியது. காடாக இருந்த சரிவுகளில் நிரை பிடித்து நட்டது ஒரு மனிதக் கூட்டம். அந்தப் பச்சையை இயற்கை அழகு என்று மட்டும் சொல்லிக் கடந்துபோவது அவர்களுடைய உழைப்பை மறைப்பதாகும்.

கருவியைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அகலக் கமராவின் வயது புகைப்படக் கலையின் வயதுக்குச் சற்றுத்தான் குறைவு. 1840களின் நடுவிலேயே பாரிஸில் பிரெட்ரிக் வொன் மார்ட்டென்ஸ், திரும்பும் லென்ஸ் ஒன்றால் 150 பாகையை வளைந்த தகட்டில் பதித்துவிட்டார். அதே தத்துவத்தில் 1950களின் இறுதியில் ஜப்பானில் வைட்லக்ஸ் வந்தது. ஹொலிவூட் நடிகர் ஜெப் பிரிட்ஜஸ் தான் நடிக்கும் படப்பிடிப்புகளைப் பல்லாண்டுகளாக அதில்தான் எடுத்துவருகிறார். சோவியத் ஒன்றியத்தின் கிராஸ்னகோர்ஸ்க் ஆலை 1967இல் ஹொரிசொன்ட் கமராவைத் தந்தது. அதன் வழிவந்த ஹொரைசன் 202 பழைய சாமான் சந்தையில் இன்றும் கிடைக்கிறது. 1998இல் வந்த ஹாசல்பிளாட் எக்ஸ்பான் அருமையான கமராதான். அதன் விலைக்கு ஒரு பாடசாலைக்கே இருட்டறை அமைத்துவிடலாம் என்பதால் அதை விட்டுவிடுவோம்.

ஹொரைசன் 202இல் பற்றரி கிடையாது, ஒளிமானி கிடையாது, குவியம் திருப்புவதற்கும் எதுவும் இல்லை. முன்பக்கத்தில் ஓர் உருளை, அதற்குள் 28 மில்லிமீற்றர் லென்ஸ். பிலிம் உள்ளே வளைவாக உட்கார்ந்திருக்கும். பொத்தானை அழுத்தினால் உருளை ஒரு கரகரப்புச் சத்தத்தோடு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் திரும்பும். அதன் பின்னால் இருக்கும் மெல்லிய பிளவு வழியாக ஒளி பிலிமின் மேல் வருடிக்கொண்டு போகும். 24 மில்லிமீற்றர் உயரமும் 58 மில்லிமீற்றர் நீளமுமாக ஒரு நெகட்டிவ் விழும். 36 படம் எடுக்கும் ரோலில் இப்படி 22 படங்கள் அளவில் கிடைக்கும்.

லென்ஸ் திரும்பி எடுப்பதால் இந்தக் கமராவுக்கென்று சில குணங்கள் உண்டு. லயத்துக்கு நேர் எதிரே நின்று எடுத்தால், நேராக இருக்கும் கூரை வளைந்து, நடு புடைத்து இரு முனையும் சிறுத்த தோணியாகத் தெரியும். லயத்தின் ஒரு மூலைக்கு நகர்ந்தால் வளைவு வெகுவாக அடங்கிவிடும். தேயிலை நிரைகள் சமவுயரக் கோட்டில் ஏற்கனவே வளைந்தே போவதால் அங்கே இந்தக் குறை கண்ணில் படாது. ஆட்களை வரிசையாக நிறுத்தினால் ஓரத்தில் நிற்பவர்கள் சிறுத்துப்போவார்கள். கமராவைச் சுற்றி அரைவட்டமாக, எல்லோரும் ஒரே தூரத்தில் நின்றால் படத்தில் நேர் வரிசையாக, ஒரே அளவாக வருவார்கள். பெரட்டுக் களத்தில் ஒரு பிரிவின் தொழிலாளர் அனைவரையும் ஒரே படத்தில் எடுக்க இதைவிட நல்ல வழி இல்லை. 1904இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற சுழல் கமராவான சேர்க்கட், பாடசாலைகளையும் படைப்பிரிவுகளையும் இப்படித்தான் எடுத்தது.

லென்ஸ் போகும் திசையிலேயே நடப்பவர் படத்தில் அகன்றுபோவார், எதிர்த்திசையில் நடப்பவர் ஒடுங்கிப்போவார். கமராவைக் கீழே சாய்த்தால் அடிவானம் நடுவில் மேடாகும், மேலே தூக்கினால் குழியாகும். பார்வைத் துளைக்குள்ளேயே தெரியும் நீர்மட்டக் குமிழ் நடுவில் நிற்கும்படி பிடிக்க வேண்டும். சமவெளியில் இப்படி மட்டமாகப் பிடித்தால் பாதிப் படம் வெற்று வானமாகிவிடும். மலையகத்தில் அந்த இடத்தை எதிர்மலை நிரப்பிவிடுகிறது. இந்தக் கமராவுக்கென்றே அமைந்த நிலம் என்று சொன்னால் மிகையில்லை. காலைப் பனிமூட்டமும் ஓர் உதவி. 120 பாகைக்குள் ஒரு முனை வெயிலிலும் மறுமுனை நிழலிலும் கிடந்தால் பிலிம் தடுமாறும். மூட்டம் இரண்டையும் சமன் செய்துவிடுகிறது.

கைத்தொலைபேசியே அகலமாக எடுக்கும்போது பிலிம் எதற்கு என்று கேட்பது நியாயமான கேள்வி. பதில் அமெரிக்காவின் மலைக்காடுகளில் கிடைக்கிறது. 1930களில் ஒரிகன், வாஷிங்டன் மாநிலங்களின் காட்டுத்தீக் காவல் கோபுரங்களில் வனத்துறையினர் ஒரு வேலை செய்தார்கள். ஒஸ்போர்ன் என்ற அலுவலர் வடிவமைத்த சுழல் கமராவைக் கோபுரத்துக்குக் கோபுரம் கொண்டுபோய், ஒவ்வோர் இடத்திலும் 120 பாகை வீதம் மூன்று படங்கள் எடுத்துச் சுற்றுவட்டம் முழுவதையும் பதித்தார்கள். புகை எங்கே எழுகிறது என்று கண்டுபிடிப்பதற்காக எடுத்த படங்கள் அவை. இன்று அதே உச்சிகளில் நின்று மறுபடி எடுத்து, காடு எங்கே அடர்ந்தது, எங்கே அழிந்தது என்று ஆய்வாளர்கள் ஒப்பிடுகிறார்கள். கனடாவின் ரொக்கி மலைகளிலும் நில அளவையாளர் விட்டுப்போன கண்ணாடித் தகடுகளை வைத்து இதே வேலை நடக்கிறது. எடுத்த நாளில் அந்தப் படங்களுக்கு இப்படி ஒரு பயன் வரும் என்று ஒருவரும் நினைத்திருக்க மாட்டார்கள். நெகட்டிவ் ஒரு பொருளாகப் பெட்டியில் இருந்ததால்தான் அது முடிந்தது. அதைப் பார்க்கக் கடவுச்சொல்லும் வேண்டாம், மென்பொருளும் வேண்டாம், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் போதும்.

மலையகத்தில் இப்படி ஒரு பெட்டி இல்லை என்பது பெரிய குறை. மவுசாக்கலை நீர்த்தேக்கத்துக்குள் பழைய மஸ்கெலியா நகரம் மூழ்கிக் கிடக்கிறது. வரட்சியில் நீர் வற்றும்போது கோயிலின் எச்சங்கள் தலைகாட்டும். 2012இல் மேல்கொத்மலை மின்திட்டம் இயங்கத் தொடங்கிய பிறகு சென்கிளயர் அருவியே முன்பிருந்த அருவியாக இல்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைநாட்டின் பல சரிவுகளைப் பிளந்துபோட்டது. இன்னொரு பக்கம், 7 பேர்ச்சஸ் காணியில் தனி வீடுகள் எழுகின்றன. 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் அறிவித்த 10,000 வீடுகளும் அந்தக் கணக்கில் சேரும். லயத்தின் பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவும் அதற்கெதிரே எழும் புது வீடும் ஒன்றாகத் தெரிவது இந்தத் தலைமுறையில் மட்டுமே. லயங்கள் இடிக்கப்பட வேண்டும், அதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. அவை எப்படி இருந்தன, எத்தனை குடும்பங்களுக்கு எவ்வளவு இடம் கொடுக்கப்பட்டது என்பதற்குச் சாட்சி இல்லாமல் போகக்கூடாது.

இந்தச் சாட்சி இல்லாமல் ஒரு தலைமுறை ஏற்கனவே போயிருக்கிறது. 1964இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று எழுதியது. மலைநாட்டிலிருந்து தலைமன்னாருக்குப் புறப்பட்ட ரயிலுக்கு ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றே பெயர் விழுந்தது. போனவர்கள் கடவுச்சீட்டுக்காகப் படம் எடுத்துக்கொண்டார்கள். அது ஆளைக் காட்டும், விட்டுவந்த இடத்தைக் காட்டாது. கூடலூரிலும் கோத்தகிரியிலும் வாழும் அவர்களுடைய பேரப்பிள்ளைகள் தாத்தா பிறந்த மலை எது, லயம் எந்தச் சரிவில் இருந்தது என்று கேட்டால், எடுத்துக் காட்ட ஒரு படம் வேண்டாமா? 2023இல், முன்னோர் வந்து இருநூறு ஆண்டானதை ‘மலையகம் 200’ என்று நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தார்கள். முன்னோர் நடந்த பாதையை நினைவில் நிறுத்தத் தெரிந்த சமூகத்துக்கு, முன்னோர் வாழ்ந்த இடத்தைப் படத்தில் நிறுத்தவும் தெரிய வேண்டும்.

செலவைப் பற்றிப் பேசாமல் இதைப் பரிந்துரைப்பது நேர்மையாகாது. ஒரு பிலிம் ரோலின் விலை கொழுந்து பறிக்கும் ஒருவருடைய ஒரு நாள் சம்பளத்தைவிட அதிகம். 1000 ரூபாய் நாட்சம்பளத்துக்கே 2021 வரை போராட வேண்டியிருந்த மக்கள் அவர்கள். ஆகவே ஆளுக்கொரு கமரா என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒரு பாடசாலைக்கு அல்லது ஓர் இளைஞர் மன்றத்துக்கு ஒரு கமரா, ஒரு தோட்டத்துக்கு ஒரு ரோல் என்று வைத்துக்கொண்டால் கணக்கு எட்டும் தூரத்துக்கு வரும். 22 படங்கள்தான் என்றால் ஒவ்வொன்றையும் எங்கே நின்று, எப்போது, யாரை வைத்து எடுப்பது என்று முன்கூட்டியே பேசி முடிவெடுப்பார்கள். தோட்டத்தின் மூத்தவர்களிடம் போய், பழைய ஸ்டோர் எங்கே இருந்தது, பழைய பாதை எது என்று கேட்பார்கள். அந்தப் பேச்சே பாதி ஆவணம்.

கறுப்பு வெள்ளைப் பிலிமை வீட்டிலேயே கழுவலாம். இதில் நுவரெலியாவுக்கு ஒரு கொடுப்பினை உண்டு. டி-76 போன்ற கழுவும் மருந்து 20 பாகை வெப்பத்தை எதிர்பார்க்கிறது. கொழும்பிலும் சென்னையிலும் அதற்காகத் தண்ணீரில் ஐஸ் போட்டுக் குளிரவைக்க வேண்டும். நுவரெலியாவின் ஆண்டுச் சராசரி வெப்பநிலையே 16 பாகை அளவில்தான். கேத்தலில் கொஞ்சம் சுடுநீர் வைத்துக் கலந்தால் முடிந்தது. பாதகமும் உண்டு. ஈரம் லென்ஸில் பூஞ்சையைக் கொண்டுவரும். கமராவைத் தோலுறையில் பூட்டி வைக்காமல், காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைக்க வேண்டும், நெகட்டிவையும் அப்படியே. ஹட்டன், மஸ்கெலியாப் பக்கத்தில் ஜனவரியிலிருந்து மார்ச் வரை வானம் தெளிந்திருக்கும். மே மாதத்துக்குப் பிறகு மழை இடம் கொடுக்காது.

அகலக் கமராவே கிடைக்காவிட்டால் என்ன செய்வது? தமிழ்நாட்டில் 1858இல் அதற்கு விடை கிடைத்துவிட்டது. சென்னை அரசின் புகைப்படக்காரரான லினியஸ் டிரைப், தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றியுள்ள கல்வெட்டுகளைப் படமெடுக்க விரும்பினார். கையிலிருந்தது தனித்தனிப் படம் எடுக்கும் கமராதான். காலடியை நகர்த்தி நகர்த்தி எடுத்த 21 படங்களை ஒட்டி ஏறத்தாழ 19 அடி நீளத்தில் ஒரே படமாக்கினார். அலுமாரியில் கிடக்கும் எந்தப் பழைய 35 மில்லிமீற்றர் கமராவும் அந்த ஒட்டும் முறைக்குப் போதும். மலைக் காட்சிக்கு டிரைப்பைப் போல நகராமல், ஒரே இடத்தில் நின்று, கமராவை நெடுக்காகப் பிடித்து, ஒளியளவை மாற்றாமல், ஒவ்வொரு படத்திலும் மூன்றில் ஒரு பங்கு முந்தைய படத்தின் மேல் விழும்படி திரும்பிக்கொண்டே எடுக்க வேண்டும். பிரின்ட் போட்டு ஒட்டும்போது தையல் கோடு தெரியும், தெரிந்தால் குற்றமில்லை.

எடுத்தவை போய்ச் சேர இடமும் இருக்கிறது. கம்பளைக்கு அருகே பழைய லயம் ஒன்றில் 2007 முதல் தேயிலைத் தோட்டத் தொழிலாளருக்கென்று ஓர் அருங்காட்சியகம் இயங்குகிறது. இலங்கைத் தமிழ் ஆவணங்களை இணையத்தில் காக்கும் நூலகம் நிறுவனம் இருக்கிறது. ஹட்டன் ஹைலன்ஸ் கல்லூரி போன்ற பாடசாலைகளும் பத்தனை ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரியும் மனம் வைத்தால் இரண்டு வருடத்தில் ஹட்டனிலிருந்து நுவரெலியா வரை தோட்டம் தோட்டமாக எடுத்துவிடலாம். தோட்ட நிர்வாகங்களிடம் முதலில் அனுமதி கேட்க வேண்டியிருக்கும். சொந்த லயத்தையும் தெருவையும் எடுக்க வீட்டுக்காரர்களின் சம்மதம் போதும் என்பதால் அங்கிருந்து தொடங்குவது நல்லது. உலக முடிவையும் சிவனொளிபாத மலையையும் எடுக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள், அவற்றைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

வெளிநாட்டில் வாழும் மலையகத்தவர்கள் வீட்டு அலுமாரியில் ஓடாமல் கிடக்கும் கமராவையும், காலாவதியாகும் பிலிமையும் ஊர்ப் பாடசாலைக்கு அனுப்பலாம். ஹட்டனிலும் தலவாக்கலையிலும் ஸ்டூடியோ நடத்திய குடும்பங்கள் பழைய நெகட்டிவ் பெட்டிகளைப் பழைய இரும்புக்காரரிடம் போடாமல் காத்துத் தர வேண்டும். இளைஞர்களிடம் கேட்பது ஒன்றுதான். ஒவ்வொரு நெகட்டிவ் உறையின் மேலும் தோட்டத்தின் பெயர், பிரிவின் பெயர், திகதி, நின்ற இடம், படத்தில் இருப்பவர்கள் சம்மதித்தால் அவர்களுடைய பெயர், இவற்றைப் பேனாவால் தமிழில் எழுதி வையுங்கள்.